ஏழாம் லைன் பெட்டி கேட்ட எண்ணெய்

கரும்பாறை ஜங்ஷன் யார்டில், ஏழாம் லைனில், சிமென்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு நின்றுகொண்டிருந்த ஒரு பழைய கூட்ஸ் பெட்டி, ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடது பக்கப் பின்சக்கரத்து அச்சுப்பெட்டியின் மூடி வழியாக, தெளிவான தமிழில், "தொண்ட காயுது, எண்ணெ ஊத்து" என்று சொன்னது.

கேட்டவர் ஞானாபரணம். யார்டுக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து அனுப்புகிற ஃபிட்டர். நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் சக்கரத்தைத் தட்டுவார், அச்சுப்பெட்டியைப் புறங்கையால் தொடுவார், சுட்டால் நிறுத்துவார், சுடாவிட்டால் நடப்பார். அச்சுப்பெட்டி என்பது ஒன்றும் பிரமாதமில்லை. சோற்றுப்பானை அளவில் ஓர் இரும்புக்கூடு. அதற்குள் அச்சின் முனை சுழலும், அதன் தலைமேல் பித்தளை உட்கார்ந்திருக்கும், அடியில் எண்ணெயில் ஊறிய நூல்பஞ்சு கிடக்கும். பஞ்சு நனைந்திருக்கிறவரை சக்கரம் ஓடும். பஞ்சு காய்ந்தால் பித்தளை சுடும், பித்தளை சுட்டால் அச்சு முறியும், அச்சு முறிந்தால் பெட்டி சாயும், பெட்டி சாய்ந்தால் பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். படித்தவர்களுக்குத்தான் இது புரியவே இல்லை.

பெட்டி பேசியதில் ஞானாபரணத்துக்கு வியப்பு ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக எண்ணெய் கேட்டு இவர் எழுதிப்போட்ட சீட்டுகளெல்லாம் திரும்பி வந்திருந்தன. மெக்கானிக்கல் ஆபீசர் கருணாகரன் எண்ணெய் மிச்சம் பிடிப்பதில் பெயர் வாங்கியவர். அதற்காகக் கழுத்தில் ஒரு பதக்கமும் வாங்கியவர். இத்தனை நாள் இரும்பு பொறுத்ததே பெரிசு.

"நீயாவது வாயத் தொறந்து கேட்டியே" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, ஞானாபரணம் ஸ்டோருக்கு நடந்தார்.

ஸ்டோர் கிளார்க் வைகுண்டம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "யாருக்குவே எண்ணெ?"

"ஏழாம் லைன் பெட்டிக்கு."

"யாரு கேட்டா?"

"அதுவேதான் கேட்டுது."

சீட்டில் 'தேவை தெரிவித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. வேறு எவனாக இருந்தாலும் தன் பெயரை எழுதியிருப்பான். ஞானாபரணத்துக்குப் பொய் எழுத நேரமில்லை, 'பெட்டி' என்று எழுதினார். செய்த தப்பு அது ஒன்றுதான். வைகுண்டம் அதை இரண்டு தடவை படித்தார்.

"பெட்டி பேசினதுல எனக்கு ஆட்சேபம் இல்லவே. ஸ்டோர்ல சாமான் கேக்க அதுக்கு அதிகாரம் உண்டாங்கதுதான் கேள்வி. அதோட கிரேடு என்ன? மேல கேட்டுச் சொல்லுதேன்."

சீட்டு மேலே போனது. மேலே போனது எதுவும் தனியாகக் கீழே வருவதில்லை. முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கேட்டார், பிறகு சிக்னல்காரர்கள், பிறகு கேட்கீப்பர் குடும்பத்தோடு, பிறகு பஜார், பிறகு பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைக்குள் சுற்றுப்பட்டு முப்பது ஊரும் தண்டவாளத்தைத் தாண்டி வந்து ஏழாம் லைனில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பெட்டி ஒருவரையும் ஏமாற்றவில்லை. யார் என்ன கேட்டாலும் அது ஒரே பதிலைச் சொன்னது: "எண்ணெ ஊத்து."

மகளுக்கு வரன் அமையவில்லை என்று ஒருத்தி அழுதாள். "எண்ணெ ஊத்து" என்றது. வளைகுடாவுக்குப் போன மருமகன் கடிதம் போடவில்லை என்று ஒருத்தர் கேட்டார். "எண்ணெ ஊத்து." முழங்கால் வலிக்காரர்களுக்கு அர்த்தம் உடனே விளங்கிவிட்டது, மற்றவர்களுக்கு யோசித்ததில் விளங்கியது. வரன் கேட்டவள் அம்மன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள், கடிதம் கேட்டவர் மருமகன் விட்டுப்போன சைக்கிளுக்கு எண்ணெய் போட்டார், பரீட்சை எழுதுகிறவர்கள் உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்கள், கரும்பாறையில் நல்லெண்ணெய் தீர்ந்து பக்கத்து ஊர்ச் செக்குகள் பகலெல்லாம் ஓடின. தலை பளபளக்காத மனிதன் இல்லை, கீச்சென்று கத்துகிற கதவு இல்லை. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்தது. பெட்டி மட்டும் காய்ந்தது.

கல்லூரியிலிருந்து தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வந்து, பெட்டி பேசுவது தாமிரபரணிக்குத் தெற்கத்திப் பேச்சா வடக்கத்திப் பேச்சா என்று மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். தொழிற்சங்கத்தார் கொடியோடு வந்து, வாய் திறந்து வேலை செய்கிற எவரும் தொழிலாளிதான், பெட்டியை நிரந்தரமாக்கு என்று கோஷம் போட்டார்கள். எதிர்ச் சங்கத்தார் அது தங்கள் உறுப்பினர் என்றார்கள். யாரும் பெட்டி சொன்னதைச் சந்தேகப்படவில்லை. அதைச் செய்யத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் இசக்கியப்பன் பூசாரி ஆனது இப்படித்தான்: ஏழாம் லைனில் அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான், யாரோ கையில் சூடத்தட்டைக் கொடுத்தார்கள், வாங்கினான். அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டிக்கு அபிஷேகம் என்றார்கள். தொண்டை காய்கிறது என்று பெட்டியே சொன்ன பிறகு வெளியே ஊற்றி என்ன பயன்? அச்சுப்பெட்டி மூடியைத் திறந்து உள்ளேயே பால் ஊற்றினார்கள், பன்னீர் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள். தண்ணீர் கனம், எண்ணெய் லேசு. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயும் மிதந்து மேலே வந்து மூடி வழியாக வழிந்து தண்டவாளத்தில் இறங்கியது. பக்தர்கள் அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

ஞானாபரணம் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனார். "ஏலே, அது சாமியில்ல, பேரிங்கு! பால் ஊத்துனா செத்துரும்!"

"அண்ணாச்சி வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவரு" என்று யாரோ பெருந்தன்மையாகச் சொன்னார்கள். "அவருக்கு இது மனசுக்கு ஒப்பாது. விடுங்க, பாவம்." தோளைப் பிடித்து மரியாதையாகத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர் அதே வேகத்தில் ஆபீசர் கருணாகரன் முன்னால் போய் நின்றார்.

"ஒரு லிட்டர் போதும் சார். பழைய பஞ்ச எடுத்துட்டு நானே போட்டுருதேன்."

கருணாகரன் நல்ல மனிதர், யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். நாற்காலி காட்டினார். "எண்ணெய் ஊத்தினா பேசுமா?"

"பேசாது சார். ஓடும்."

"ஓடுற பெட்டி நம்மகிட்ட ஆயிரம் இருக்கு ஞானாபரணம். பேசுற பெட்டி ஒண்ணுதான் இருக்கு."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மேற்படிப் பெட்டியின் குரல் வறட்சியினால் உண்டாவதாக ஆய்வில் தெரியவருவதால், அதற்கு எவ்வித எண்ணெயும் இடுவது தடை செய்யப்படுகிறது. மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை. ஞானாபரணத்தின் எண்ணெய்க் கேத்தலை ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கேத்தல் காலி. அதையும் ரசீதில் எழுதினார்கள்.

அதற்கடுத்த வாரம் இன்னொரு சுற்றறிக்கை. பேசும் பெட்டியைத் தலைநகரத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சிறப்பு ரயில். பயணிகள் வண்டியில் கூட்ஸ் பெட்டி சேர்க்க விதியில் இடமில்லை, எனவே விதியைத் திருத்தினார்கள். எஞ்சின், அடுத்து பெட்டி, அதன் பின்னால் நாலு கோச் நிறைய ஊர்ப் பெரிய மனிதர்கள், சங்கங்கள், மேளம், பஜனை, மகளிர் குழுக்கள். ஒன்பதாவது மைலில் பதினாலு கண் ஆற்றுப்பாலம். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஆற்றில் அந்த வருஷம் நல்ல தண்ணீர்.

ஞானாபரணத்தின் மனைவி எஸ்தர் சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். மூன்றாவது கோச்சில் ஜன்னலோரம் என்று சீட்டு வந்துவிட்டது. நீலச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போகாண்டாம்" என்றார்.

"ஏங்க?"

"அச்சு முறியும்."

"நீங்க எதப் பாத்தாலும் முறியும்னுதான் சொல்லுவீங்க. இந்தக் கட்டில் முறியும்னீங்க, முப்பது வருஷமா படுத்து எந்திரிக்கோம்."

"அதுக்கு நான் ஆணி அடிச்சேன்."

"அப்ப அதுக்கும் அடிங்க" என்று சொல்லிவிட்டு எஸ்தர் சேலையை மடித்தாள். அவள் பேச்சை மாற்றுகிற ரகமில்லை. ஞானாபரணம் அன்று சாப்பிடவில்லை. புறப்பட இரண்டு நாள் இருந்தது. காலையில் பெட்டியைப் போய்த் தொட்டுப் பார்த்தார். அதன் குரல் கம்மியிருந்தது. "எண்ணெ" என்று மட்டும்தான் வந்தது, "ஊத்து" வரவில்லை. பக்தர்கள் அதை இன்னும் ஆழமான வாக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கியப்பன் சக்கரத்துப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தான். ஞானாபரணம் அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏலே இசக்கி. நீ ரயில்வேக்காரன்தானே?"

"இப்பப் பூசாரி, அண்ணாச்சி."

"காய்ஞ்ச பேரிங்கு எத்தன மைலு தாங்கும்?"

இசக்கியப்பன் பூவைக் கீழே வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். "எட்டு. மிஞ்சிப்போனா ஒம்போது."

"பாலம் எங்க இருக்கு?"

"தெரியும். மூணு நாளா எனக்கும் தூக்கம் இல்ல. நானும் அந்தப் பெட்டிமேலதான் உக்காந்து போவணும். ஆனா எந்த வாயால சொல்ல? எண்ணெ கூடாதுன்னு ஆபீசர் உத்தரவு. சாமி கேட்டத ஊத்துனா சாமி போயிரும்னு ஊரு சொல்லுது. என்னைய உரிச்சுருவாங்க, அண்ணாச்சி."

"பூசாரிக்கு என்னதான் அதிகாரம்?"

இசக்கியப்பன் கீழே வைத்த பூச்சரத்தை எடுத்து விரலில் சுற்றினான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "அலங்காரத்துக்குத் திரை போடலாம். திரை போட்டா யாரும் பாக்கக் கூடாது, ஆபீசரா இருந்தாலும். மேளம் நிக்கக் கூடாது. நான் தொறக்குற வரைக்கும் தொறக்கக் கூடாது."

"அரை மணி வேணும்."

"முக்கா மணி போடுதேன்."

ஞானாபரணம் எழுந்து ஸ்டோருக்குப் போனார். எண்ணெய் வேண்டும், பூஜைக்கு என்றார். வைகுண்டம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"சாமி காரியத்துக்குச் சீட்டு எதுக்குவே! எத்தன வேணும்? நல்லெண்ணெ இல்ல, அச்செண்ணெதான் பீப்பா பீப்பாயா கெடக்கு, பரவால்லியா?"

"பரவால்ல" என்றார் ஞானாபரணம். மூன்று வருஷத்தில் ஸ்டோரிலிருந்து அவர் எண்ணெயோடு வெளியே வந்தது அன்றுதான். வீட்டுக்குப் போய்ப் புது நூல்பஞ்சை அதில் ஊறப்போட்டு மூடிவைத்தார்.

புறப்படுகிற நாள் காலை பத்து மணிக்கு பிளாட்பாரத்தில் எள் போட இடமில்லை. பெட்டிக்கு வாழைமரம் கட்டியிருந்தது. கருணாகரன் பதக்கத்தோடு மேடையில் இருந்தார். இசக்கியப்பன் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அலங்காரம்!" என்று கத்தி, பெட்டியின் பின்சக்கரத்தைச் சுற்றிச் சிவப்புத் திரையை இழுத்துவிட்டான். நாதஸ்வரமும் தவிலும் எகிறின. ஞானாபரணம் மறுபக்கத்திலிருந்து பெட்டிக்கு அடியில் புகுந்து திரைக்குள் வந்தார்.

மூடியைத் திறந்ததும் புளித்த பால் மூக்கைத் தாக்கியது. தயிராகிக் கிடந்தது. அதில் சந்தனம், துளசி, கருகின ஊதுவத்தி, நாலாக மடித்த வேண்டுதல் சீட்டுகள், ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு. கையை விட்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். பழைய பஞ்சு கட்டையாக வந்தது. அச்சின் முனையைத் துணியால் துடைத்தார், துருவைச் சுரண்டினார், மறுபடி துடைத்தார், பித்தளையை விரலால் தடவிப் பார்த்தார். பிழைத்தது, இன்னும் உருகவில்லை. புதுப் பஞ்சை, பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல, இடம் விடாமல், இறுக்கியும் விடாமல், அடியில் செருகினார். பிறகு எண்ணெயை ஊற்றினார். மெல்ல ஊற்றினார். அது கருப்பாகப் பளபளத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

"அப்பாடா" என்றது பெட்டி.

அதுதான் அது கடைசியாகப் பேசியது. ஞானாபரணம் மூடியைப் போட்டுத் துடைத்துச் சந்தனமும் பூசி வைத்தார். நிம்மதியாக மூச்சுவிட்டபோதுதான் மைக்கில் கருணாகரன் குரல் கேட்டது.

"பயணத்துக்குப் பெட்டியிடமே உத்தரவு கேட்போம்!"

மேளம் நின்றது. மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி பேசவில்லை. எண்ணெய் குடித்த பெட்டி ஏன் பேசும்? இன்னொரு தடவை கேட்டார். பேசவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"இசக்கி! எவனாவது எண்ணெய் ஊத்திட்டானா? திரையை விலக்கு, திறந்து பார்த்துடுவோம். ஊத்தியிருந்தா வழிச்சு எடுத்துட்டுத்தான் வண்டி கிளம்பும்!" என்று கருணாகரன் மைக்கிலேயே கத்தினார்.

இசக்கியப்பன் திரையைப் பிடித்துக்கொண்டு வேர்த்தான். "அண்ணாச்சி" என்று பல்லுக்குள்ளேயே கெஞ்சினான். "ஏதாவது சொல்லும்."

ஞானாபரணம் சக்கரத்துக்கு அடியில் முழங்கால் வலிக்கக் குனிந்திருந்தார். நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசாத மனிதர். எண்ணெ ஊத்து என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

"ஏலேய், கூறுகெட்ட மூதிகளா! எத்தன தடவ சொல்லுதது? எண்ணென்னா எண்ணெ! பால் இல்ல, பன்னீர் இல்ல, எண்ணெ! ஒம் மண்டையில தேச்ச, கதவுல தேச்ச, சைக்கிள்ல விட்ட, கேட்டவனுக்கு ஒரு சொட்டு ஊத்துனியால? மேடையில நிக்கியே, ஒன்னத்தான்! மூணு வருஷமா சீட்டுச் சீட்டா எழுதுனா மிச்சம் புடிக்கியோ, மிச்சம்? கையெழுத்துப் போடக் கை இல்ல, பதக்கம் மாட்டக் கழுத்து மட்டும் இருக்கு! நாளைக்குள்ள இந்த யார்டுல இருக்குற அம்புட்டுப் பேரிங்குக்கும் எண்ணெ வரணும்! வரலன்னா தெரியும் சேதி! என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? எடுங்கலே வண்டிய!"

பிளாட்பாரத்தில் ஓர் ஆள் நிற்கவில்லை. மூவாயிரம் பேரும் விழுந்து கும்பிட்டார்கள். இதுவரை இரண்டே வார்த்தை பேசிய தெய்வம் இன்றைக்கு வாய் நிறையத் திட்டிவிட்டது. உரிமை இல்லாமலா திட்டும்? கருணாகரன் மேடையில் பதக்கத்தோடு நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். கண்ணில் தண்ணீர். "என்னைத் தனியாகச் சொல்லித் திட்டியது" என்று பிறகு பல நாள் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். பேராசிரியர், பெட்டி தெற்கத்திப் பேச்சுதான், ஐயமில்லை என்று எழுதி அடிக்கோடு போட்டார். மூன்றாவது கோச் ஜன்னலில் எஸ்தர் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்தவர்கள் பரவசம் என்று நினைத்து அவளுக்கு விசிறினார்கள்.

வண்டி புறப்பட்டது. ஞானாபரணம் அதற்குள் மறுபக்கம் உருண்டு வெளியே வந்து, சட்டையில் தயிரோடு, சிக்னல் கேபினில் போய் டெலிபோன் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒன்பது மைல். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பெட்டியின் மற்ற மூன்று மூலைகளையும் முந்தின நாளே தொட்டுப் பார்த்திருந்தார், சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் மனசு ஒவ்வொன்றாக மறுபடி மறுபடி தொட்டது. பஞ்சு நகர்ந்திருக்குமோ? மூடி சரியாக விழுந்ததோ? நீலச் சேலை ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கும். பாலத்துக்கு அப்புறம் இருக்கிற ஸ்டேஷன் ஃபிட்டர் சிலுவைப்பிச்சை கூப்பிட்டபோது மணி பதினொன்றே கால்.

"வந்துட்டு அண்ணாச்சி. நிக்கி."

"தொட்டியாலே?"

"தொட்டேன். மோர்ப்பானை கணக்கா சில்லுன்னு இருக்கு. ஆனா ஒரு வார்த்த பேச மாட்டேங்கு. கூட்டமெல்லாம் அழுவுது."

"அழட்டும்" என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் ஞானாபரணம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தலைநகரத்திலும் பெட்டி பேசவில்லை. அது மௌனத்தில் இருப்பதாக அறிவித்தார்கள். பேசினபோது வந்ததைவிட அதிகக் கூட்டம் வந்தது. கரும்பாறைக்கு வாக்குப்படி மறுநாளே நாற்பது பீப்பாய் எண்ணெய் வந்தது. பெட்டி கேட்ட எண்ணெய் என்பதால் பீப்பாய்களுக்கு மாலை போட்டுக் கம்பிக்கதவுக்குள் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று பலகை மாட்டினார்கள். இசக்கியப்பன் திரும்பி வந்ததும் அதற்கும் பூசாரியானான். தினமும் காலையில் ஞானாபரணத்துக்கு மட்டும் இரண்டு கேத்தல் நிறையப் பிரசாதம் கொடுத்தான். வேதக்காரர் இத்தனை ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறாரே என்று ஊர் மெச்சியது.

எஸ்தர் திரும்பிய அன்று ஞானாபரணம் கையில் ஒரு மெமோவோடு உட்கார்ந்திருந்தார். பேசும் பெட்டி திருவாய் மலர்ந்த நேரத்தில் யார்டு ஊழியர் அனைவரும் பிளாட்பாரத்தில் இருந்திருக்க, தாங்கள் மட்டும் பணியிடத்தில் காணப்படவில்லை. மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். கீழே கருணாகரன் கையெழுத்து. அது மட்டும் அழகாக விழுந்திருந்தது.

எஸ்தர் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "நானும்தான் கும்புட்டேன் உங்கள. என்ன எழுதப் போறீங்க?"

"உள்ளத."

"உள்ளத எழுதுனா யாரு நம்புவா? வயித்துப்போக்குன்னு எழுதுங்க."

ஞானாபரணம் உள்ளதை எழுதினார்: பெட்டிக்கு அடியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை. கூறுகெட்ட மூதி என்று முணுமுணுத்துக்கொண்டே, 'வயிற்றுப்போக்கு' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினார். மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. ஆபீசர் தம் கைப்பட எழுதியிருந்தார்: ஏற்றுக்கொள்ளப்பட்டது. இனி இதுபோன்ற புனிதமான நேரங்களில் வராமல் பார்த்துக்கொள்ளவும்.